வெளிநாட்டில் ஊடக ஊழியம்: வானொலியா, சேட்டிலைட் டிவியா, கைப்பேசியா?

வெளிநாட்டில் ஊடகம் வழியாக ஊழியம் செய்வது என்று ஒரு சபை தீர்மானித்துவிட்டால், மிஷனெரி கமிட்டியில் முதல் வாதமே கருவியைப் பற்றித்தான் கிளம்பும். சேட்டிலைட் சேனலில் நேரம் வாங்கலாம் என்பார் ஒருவர். யூடியூப் இருக்கும்போது அதற்கு எதற்குக் காசு என்பார்கள் இளைஞர்கள். வயதான ஒருவர், கடல் கடந்து தூர நாடுகளையும் எட்டும் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலியை நினைவூட்டுவார். அதெல்லாம் முடிந்துபோய் எவ்வளவு காலமாயிற்று என்று மற்றவர்கள் அவர் வாயை அடைத்துவிடுவார்கள். கடைசியில் யார் குரல் ஓங்குகிறதோ அந்தப் பக்கம் பணம் போகும்.

அது காணிக்கைப் பணம். கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய் முந்தானையில் முடிந்து வைத்திருந்து போட்ட நூறு ரூபாயும் அதில் இருக்கிறது. அதனால் குரலை வைத்து முடிவு செய்வது எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக இந்த வழிகள் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு நாட்டில் யாராவது செய்து பார்த்திருக்கிறார்கள். எது சபையை வளர்த்தது, எது பறிபோனது என்று தெரிந்துகொண்டு பேசலாம்.

நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். நிகழ்ச்சியைக் கேட்டவர் திரும்ப ஒரு கேள்வி கேட்டால், அவர் மொழியில் பதில் சொல்ல ஆள் உண்டா? அந்த நாட்டு அரசு நினைத்தால் ஒரே நாளில் இதை மூடிவிட முடியுமா? கேட்ட குற்றத்துக்காக அவருக்கு ஆபத்து வருமா? இவற்றில் முதல் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

முதலில் வெளியிலிருந்து வரும் வானொலியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாட்டுக்கு வெளியே நிலையம், உள்ளே நேயர்கள். இந்த முறையில் நடந்த மிகப் பெரிய சபை வளர்ச்சிகளில் ஒன்று வியட்நாமின் வடக்கு மலைகளில் வாழும் ஹ்மாங் மக்களிடையே நடந்தது. எஃப்இபிசி என்ற கிறிஸ்தவ வானொலி அமைப்பு 1945இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, 1948 ஜூனில் மணிலாவிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. பல ஆசிய மொழிகளில் நிகழ்ச்சி நடத்திய அந்த நிலையத்தில் ஹ்மாங் மொழிக்கும் ஒரு சிறிய நேரம் இருந்தது. அதில் பேசியவர் லாவோசிலிருந்து அமெரிக்காவுக்கு அகதியாகப் போன ஹ்மாங் போதகர். தன் மக்களின் பழங்கதைகளையும் பேச்சு வழக்கையும் அறிந்தவர். அங்கிருந்து தொடங்கித்தான் வேதக் கதைகளுக்கு வருவார்.

1980களின் கடைசியில் லாவோ காய், லாய் சாவ், ஹா ஜியாங் மலைகளில் டிரான்சிஸ்டர் குமிழைத் திருகிக்கொண்டிருந்தவர்கள், இரைச்சலுக்கு நடுவே தங்கள் தாய்மொழியைக் கேட்டார்கள். அரசு வானொலியில் பெரும்பாலும் வியட்நாமிய மொழியையே கேட்டுப் பழகிய காதுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரேடியோ இருந்த வீட்டில் ஊரே கூடியது. வானொலியில் கடவுளுக்குச் சொல்லப்பட்ட வாங் சூ என்ற பெயர் மலைக்கு மலை பரவியது. ஆவிகளுக்குப் பலி கொடுத்துச் செலவில் மூழ்கியிருந்த குடும்பங்கள் அந்தப் பழக்கத்தை விட்டன. அங்கே ஒரு மிஷனெரியும் கிடையாது, போதகரும் கிடையாது. இன்று வியட்நாமில் இருக்கும் ஏறத்தாழ 14 லட்சம் ஹ்மாங் மக்களில் சுமார் 3 லட்சம் பேர் கிறிஸ்தவர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை நம் ஆராதனைகளில் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கமிட்டிக்குத் தேவையானது இதற்கு அப்புறம் நடந்தது. பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் வதந்தி புகுந்தது. வாங் சூ வானத்திலிருந்து இறங்கப்போகிறார் என்று நம்பி, சில ஊர்களில் வயல் வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வேறு சிலர் மலையிலிருந்து இறங்கி, நெடுந்தூரம் பயணம் செய்து, ஹனோயில் இருந்த புராட்டஸ்டண்ட் சபையைக் கண்டுபிடித்து, நாங்கள் விசுவாசிகள், இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அரசாங்கம் இதை அமெரிக்கச் சதி என்று சந்தேகித்தது. விசுவாசத்தைக் கைவிடச் சொல்லி நெருக்கடி வந்தது. பல்லாயிரம் பேர் தெற்கே டாக் லாக் மாகாணத்துப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். 2005இல் பிரதமரின் உத்தரவு வந்து, சபைகள் பதிவு செய்ய ஓரளவு வழி பிறந்தது.

இவ்வளவையும் தாண்டி அந்தச் சபை நின்றதற்குக் காரணம், பின்னால் ஆட்கள் வந்து சேர்ந்ததுதான். ஹனோயின் சிறிய சபை அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவில் இருந்த ஹ்மாங் உறவினர்கள் கடிதமும் பாடத்திட்டமும் அனுப்பினார்கள், நேரிலும் வந்து போனார்கள். அந்த ஆட்கள் சில ஆண்டுகள் முன்பே தயாராக இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் குழப்பத்திலிருந்து தப்பியிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

சிற்றலை செத்துவிட்டது என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. நம் பக்கத்துப் பெரியவர்கள் நன்றாக அறிந்த ஃபெபா வானொலி, சீஷெல்ஸ் தீவில் கடலுக்குள் பவளப்பாறை மேல் ஆண்டெனா நட்டு 1970 முதல் தமிழிலும் பல மொழிகளிலும் பேசியது. 2003இல் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். மணிலாவின் கத்தோலிக்க நிலையமான வேரித்தாஸ் ஆசிய வானொலியும் 2018 ஜூன் 30ஆம் தேதியோடு சிற்றலையை நிறுத்தி இணையத்துக்குப் போனது. நகரத்தில் வாழும், கையில் ஸ்மார்ட்போன் இருக்கும் மக்களுக்காக இன்று சிற்றலையில் பணம் போடுவது வீண்.

மறுபாதியை மறந்துவிடக் கூடாது. வடகொரியாவில் சாதாரண மனிதருக்கு உலக இணையம் கிடையாது. விற்கப்படும் ரேடியோக்களும் அரசு அலைவரிசையில் பூட்டப்பட்டவை. பூட்டை உடைத்தோ, கடத்தி வந்த ரேடியோவிலோ ரகசியமாகக் கேட்பவர்களுக்கு, தென்கொரியாவின் ஜேஜு தீவிலிருந்து 1973 முதல் மத்திய அலையில் (மீடியம் வேவ்) 1566 கிலோஹெர்ட்சில் பேசும் எஃப்இபிசி நிலையம் எட்டுகிறது. ரேடியோவில் இன்னொரு நன்மை, யார் கேட்டார்கள் என்று எந்தக் கணக்கும் எங்கும் பதிவாவதில்லை. அணைத்துவிட்டால் தடயம் இல்லை. கைப்பேசி அப்படிப்பட்டதல்ல.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. நீங்கள் கோபுரம் கட்ட வேண்டாம். டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ போன்ற அமைப்புகள் குவாம், எஸ்வாட்டினி என்று பல இடங்களில் ஒலிபரப்பிகளை வைத்திருக்கின்றன. நம் பக்கத்திலேயே இலங்கையின் புத்தளத்திலிருந்து மத்திய அலையில் இந்தியாவுக்கு ஒலிபரப்பு நடக்கிறது. அரை மணி நேரத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை ஆட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த நாட்டிலேயே சொந்த நிலையம் கட்டுவது அடுத்த வழி. கமிட்டிகளுக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கல்வெட்டு வைக்கலாம், பிரதிஷ்டைக்குப் போய் வரலாம். இதற்கு நல்ல முன்மாதிரி ஈக்வடாரின் கித்தோ நகரம். 1931 கிறிஸ்துமஸ் அன்று கிளாரன்ஸ் ஜோன்ஸும் நண்பர்களும் சிறிய ஒலிபரப்பியோடு அங்கே எச்சிஜேபி என்ற கிறிஸ்தவ வானொலி நிலையத்தைத் தொடங்கினார்கள். நாட்டிலேயே ரேடியோப் பெட்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. ஊரோ கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கும் மேலே. சக்தியைக் கூட்டியபோது, மெல்லிய மலைக்காற்றில் ஆண்டெனாக் கம்பிகளின் முனைகளில் இரவெல்லாம் தீப்பொறி பறந்தது, முனைகள் உருகின. கிளாரன்ஸ் மூர் என்ற பொறியாளர் முனையே இல்லாதபடி கம்பியைச் சதுரமாக வளைத்துக் கட்டி அதைத் தீர்த்தார். உலகெங்கும் பொழுதுபோக்காக ஒலிபரப்பும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பயன்படுத்தும் சதுர ஆண்டெனா அங்கே பிறந்ததுதான். அந்த நிலையம் ஊரோடு ஒட்டியும் வாழ்ந்தது. மருத்துவ ஊழியம் செய்தார்கள், 1955இல் கித்தோவில் மருத்துவமனை திறந்தார்கள். அரசுகள் மாறின, நிலையம் நின்றது. கடைசியில் புது விமான நிலையத்துக்கு இடைஞ்சல் என்று கித்தோவுக்கு அருகே பிஃபோவில் இருந்த கோபுரங்களை அவர்களே இறக்கி, 2009இல் அங்கிருந்து சர்வதேசச் சிற்றலை ஒலிபரப்பை முடித்துக்கொண்டார்கள்.

எல்லா நாடும் ஈக்வடார் ஆகிவிடாது. மொராக்கோவின் டாஞ்சியரில் 1954இல் தொடங்கிய கிறிஸ்தவ வானொலி நிலையம், தனியார் வானொலிகளை அரசு மூடியதால் 1959 முடிவில் வெளியேறி மான்டி கார்லோவுக்குப் போக வேண்டியதாயிற்று. எத்தியோப்பியாவில் நடந்தது இதைவிடக் கடுமை. லுத்தரன் உலக சம்மேளனம் அடிஸ் அபாபாவில் கட்டிய சுவிசேஷக் குரல் வானொலியை 1963இல் பேரரசர் ஹைலி செலாசியே திறந்துவைத்தார். ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, ஆசியா வரை எட்டிய 100 கிலோவாட் ஒலிபரப்பிகள் அவை. கல்வி, உடல்நலம், செய்தி என்றுதான் பெரும்பகுதி நேரம் போனது, பிரசங்கத்துக்கு அதில் ஒரு பங்குதான். தரத்தில் குறை சொல்ல முடியாத நிலையம். பேரரசரைக் கவிழ்த்து வந்த ராணுவ அரசு, 1977 மார்ச்சில் உள்ளே புகுந்து கையகப்படுத்தியது. மறுநாளிலிருந்து அதே ஒலிபரப்பிகள் புரட்சிப் பிரசாரம் செய்தன.

அதே எத்தியோப்பியாவில் லுத்தரன் மரபைச் சேர்ந்த மெகானே யேசுஸ் சபை என்ன ஆனது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1959இல் சுமார் 20,000 பேரோடு தொடங்கிய சபை அது. நிலையம் பறிபோன பிறகு ஆலயங்கள் பூட்டப்பட்டன. பொதுச்செயலாளர் குதினா தும்சா 1979இல் கடத்திக் கொல்லப்பட்டார். விசுவாசிகள் வீடுகளில் கூடினார்கள், சொந்த மொழியில் பாடினார்கள், இளைஞர்கள் ஊர் ஊராய்ப் போனார்கள். இன்று அந்தச் சபையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். கோபுரத்தை எடுத்துக்கொண்ட அரசால் வீட்டுக் கூட்டத்தை எடுக்க முடியவில்லை.

சொந்த நிலையத்துக்குள் இன்னொரு சிக்கலும் வளரும்: சாவி யார் கையில்? பிரேசிலில் 1977இல் தோன்றிய யூனிவர்சல் சபை, 1989இல் ரெக்கார்டு தொலைக்காட்சியை வாங்கிய பிறகு டிவியின் பலத்தில் மொசாம்பிக், அங்கோலா என்று வேகமாகப் பரவியது. கூட்டம் சேர்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 2019 நவம்பரில் அங்கோலாப் போதகர்கள் நூற்றுக்கணக்கானோர் பிரேசில் தலைமைக்கு எதிராக அறிக்கை விட்டார்கள். பணம் நாட்டைவிட்டுப் போகிறது, எங்களைத் தாழ்வாக நடத்துகிறீர்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. சபைத் தலைமை மறுத்தது. 2020இல் ஆலயங்களையே அவர்கள் கைப்பற்றினார்கள். 2021 ஏப்ரலில் அங்கோலா அரசு ரெக்கார்டு சேனலை நிறுத்தி வைத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, நிர்வாகத் தலைவர் வெளிநாட்டவர் என்பது. உபதேசத்தில் எனக்கு அவர்களோடு பெரிய வேறுபாடு உண்டு, அது தனி விஷயம். உள்ளூர்ப் போதகரிடம் மைக்கை மட்டும் கொடுத்துவிட்டு, கணக்கையும் முடிவையும் தலைமையகத்தில் வைத்துக்கொள்ளும் எந்தச் சபைக்கும் இது நடக்கும்.

சேட்டிலைட் தொலைக்காட்சிக்கு வருவோம். செலவு அதிகம். ஒரு மணி நேர நல்ல நிகழ்ச்சிக்குக் கேமரா, செட், எடிட்டிங் என்று ஆட்படை வேண்டும், அதற்கு மேல் டிரான்ஸ்பாண்டர் (சேட்டிலைட்டில் சேனலைத் திருப்பி அனுப்பும் கருவி) வாடகை. அப்படியிருந்தும் இது பொருந்துகிற இடங்கள் உண்டு. சைப்ரஸைத் தலைமையிடமாகக் கொண்ட சாட்-7 என்ற கிறிஸ்தவச் சேட்டிலைட் தொலைக்காட்சி, 1996 மே மாதம் வாரத்துக்கு இரண்டே மணி நேர அரபு நிகழ்ச்சியோடு தொடங்கியது. பெய்ரூட், கெய்ரோ ஸ்டூடியோக்களில் அந்த ஊர்க் கிறிஸ்தவர்களே பேசினார்கள், பாடினார்கள், குழந்தைகளுக்குக் கதை சொன்னார்கள். அப்புறம் பாரசீகம், துருக்கி மொழிகளிலும் வந்தது. ஈரானில் 1990களின் நடுவிலேயே டிஷ்ஷைச் சட்டம் தடைசெய்துவிட்டது. மாடிக்கு மாடி டிஷ் இருந்துகொண்டேதான் இருக்கிறது. பாரசீக மொழியில் ஆலய ஆராதனை நடத்த முடியாத நாட்டில், வீட்டுக்குள் கூடும் நாலு பேருக்கு அந்தத் திரைதான் ஆராதனை.

இதில் நான் கவனிப்பது, அவர்கள் எவ்வளவு சிறிதாகத் தொடங்கினார்கள் என்பதையும், திரையில் யார் முகம் தெரிந்தது என்பதையும். நம் சபைகள் பலவும் செய்வது வேறு: ஞாயிறு பிரசங்கத்தைப் பதிவு செய்து, மேலே குரல் மாற்றம் செய்து அனுப்பிவிடுகிறோம். தூத்துக்குடி மேடையில் சொன்ன உதாரணம் டெஹ்ரானில் ஒருவருக்கும் ஒட்டாது. பல நாடுகளில் பேசப்படும் பெரிய மொழியாகவும், ஆலயக் கதவு மூடப்பட்ட இடமாகவும், பல சபைகள் சேர்ந்து செலவைத் தாங்குவதாகவும் இருந்தால் மட்டும் சேட்டிலைட். ஒரு தனிச் சபையால் இதைத் தாங்க முடியாது.

கைப்பேசியும் இணையமும் இன்று எல்லோர் மனதிலும் முன்னால் நிற்கின்றன. நியாயம்தான். செலவு குறைவு, கேட்பவர் அங்கேயே கேள்வி எழுதலாம், பதிலை அதே இரவில் அனுப்பலாம். முன்பெல்லாம் தபாலில் வாரக்கணக்கில் நடந்த உரையாடல் இப்போது சில நிமிடங்களில் நடக்கிறது. வளைகுடாவில் வேலை செய்யும் நேபாளிகள், மலேசியாவில் இருக்கும் மியான்மர் அகதிகள் என்று சொந்த நாட்டைவிட்டு வந்தவர்களை எட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் இணையத்தை மூட முடியாது என்று நினைப்பது தவறு. சீனாவில் 2018இல் ஆன்லைன் கடைகளிலிருந்து வேதாகமம் காணாமல் போனது. 2022 மார்ச் 1 முதல் அமலான விதிகளின்படி, வெளிநாட்டு அமைப்புகள் சீனாவுக்குள் இணையத்தில் மத நிகழ்ச்சிகள் நடத்தவே கூடாது. அங்குள்ள சபைகளுக்கும் ஆராதனையை நேரலையில் காட்ட அனுமதி இல்லை. அதோடு, போன் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். யாருக்கு என்ன அனுப்பினார், எந்தக் குழுவில் சேர்ந்தார் என்பதெல்லாம் போலீஸ் கையில் போன் சிக்கிய நிமிடத்தில் வெளியே வந்துவிடும். நாம் பாதுகாப்பான ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, ஆபத்தான நாட்டில் இருக்கும் இருபது பேரை ஒருவருக்கொருவர் எண் தெரியும்படி சேர்ப்பது பெரிய பிழை. தனித்தனியாகப் பேசுங்கள். பெயர் கேட்காதீர்கள். சாட்சியைப் போட்டோவோடு நம் மாதப் பத்திரிகையில் போடாதீர்கள். இதைக் கமிட்டி எழுத்திலேயே தீர்மானமாகப் போட வேண்டும் என்பேன்.

பார்வைக் கணக்கும் ஏமாற்றும். ஒரு லட்சம் பேர் பார்த்ததாகக் காட்டும் வீடியோவை முழுதாகப் பார்த்தவர் எத்தனை பேர், எழுதியவர் எத்தனை பேர், எழுதியவரில் ஒரு சபைக் கூட்டத்துக்கு நடந்து வந்தவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கடைசி எண்ணைச் சொல்ல முடியாத ஊழியம் வளர்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுத்தே இல்லாத சிறு மொழிகளுக்குப் பதிவுசெய்த ஒலி என்ற எளிய வழியும் இருக்கிறது. ஹோண்டுராசிலிருந்து நோயோடு திரும்பிய ஜாய் ரிட்டர்ஹாஃப் என்ற பெண் 1939இல் தொடங்கிய இசைத்தட்டு வேலை இன்று 6,000க்கும் மேற்பட்ட மொழிகளிலும் கிளைமொழிகளிலும் நிற்கிறது. மின்சாரமே வேண்டாமல், அட்டையை மடித்துச் செய்து, கையால் சுற்றும் ஒரு கருவியைக்கூட அவர்கள் ஊர் ஊராகக் கொடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் சோலார் ஒலிப்பெட்டியும் மெமரி கார்டும். சில ஆயிரம் பேரே பேசும் மொழியில் ஊழியம் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் இதையே எடுக்கலாம்.

சரி, தனிச் சபை ஒன்று என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன்? சொந்த நிலையம் வேண்டாம். அந்த நாட்டுச் சபையே கேட்டு, அதன் பெயரிலேயே உரிமம் எடுத்து, கணக்கும் அதன் கையில் இருக்குமானால் சிறிய பண்பலை நிலையத்துக்கு உதவலாம். இணையம் உள்ள, ஓரளவு சுதந்திரமான நாடு என்றால் கைப்பேசி வழி. கண்காணிப்பு கடுமையான நாடு, மலைப்பகுதி, மின்சாரம் குறைந்த இடம் என்றால் வெளியிலிருந்து வரும் வானொலியில் வாடகை நேரம், கூடவே மெமரி கார்டு. சேட்டிலைட்டுக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு கூட்டு முயற்சியில் பங்கு சேரலாம், தனிச் சேனல் வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும், பத்து ரூபாயில் ஆறு ரூபாயை ஒலிபரப்புக்கு அப்பால் வையுங்கள்: அந்த மொழி பேசும் இரண்டு மூன்று முழுநேர ஊழியர்கள், அவர்கள் பயணச் செலவு, கேள்விகளுக்கு எழுதிப் பதில் சொல்லும் வேலை, புது விசுவாசிகளுக்கான பாடங்கள். மிச்சம் நாலில் ஸ்டூடியோவும் வாடகையும் அடங்கவில்லை என்றால் நிகழ்ச்சி நேரத்தைக் குறையுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். சாட்-7 இரண்டில்தான் தொடங்கியது. நிகழ்ச்சி நடத்துபவர் அந்த மண்ணின் ஆளாக இருக்கட்டும், நம் போதகர் தன் குரல் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம்.

ஐந்து ஆண்டுக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளவும் கூடாது. ஹ்மாங் நிகழ்ச்சிக்கு உடனே யாரும் கடிதம் எழுதவில்லை. முதல் வருட அறிக்கையில் எண்ணிக்கை இல்லை என்று அடுத்த வருடமே நிறுத்தும் வழக்கம் நம் கமிட்டிகளில் அதிகம். அதைவிடத் தொடங்காமலே இருக்கலாம். எந்த நிலையத்தோடும் ஒப்பந்தம் போடுவதற்கு முன் அவர்களிடம் மூன்றைக் கேளுங்கள்: போன மாதம் எத்தனை பேர் தொடர்புகொண்டார்கள், அவர்களுக்குப் பதில் எழுதியது யார், அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் அடுத்து யார்.